மருதாணி, மொட்டை, தைப்பூசம்: பள்ளியில் பண்பாட்டுப் புரிதலுள்ள தலைமைத்துவம் என்றால் என்ன?

தீபாவளி முடிந்து பள்ளிக்குத் திரும்பும் நாள். கையில் மருதாணி இன்னும் சிவப்பாக இருக்கிறது. "இதைப் பற்றி ஏதாவது கேட்பாங்களா?" என்று ஒரு நொடி யோசித்திருக்கிறீர்களா? வாசலில் நிற்கும் ஆசிரியரைப் பார்த்ததும் கையைச் சட்டென்று பைக்குப் பின்னால் மறைத்ததுண்டா?

ஆம் என்றால், கீழே வரும் விஷயம் உங்களுக்கு ஓரளவு ஏற்கெனவே தெரியும்.

பள்ளித் தலைமைத்துவம் பற்றிய பேச்சில் இப்போது இரண்டு சொற்கள் அடிக்கடி வருகின்றன. ஒன்று பண்பாட்டுப் புரிதல். மற்றொன்று பரிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலை ஏழரை மணிக்குப் பள்ளி வாசலில், கையில் மருதாணியோடு நிற்கும் ஒரு மாணவிக்கு அந்தச் சொற்களால் என்ன பயன்?

விளக்கமாகப் பார்ப்போம்.

இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது?

அமெரிக்கக் கல்வியாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 1995இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மாணவரின் பண்பாட்டை வகுப்பறைக்கு வெளியே விட்டுவரச் சொல்லாமல், அதையே கற்றலுக்குத் துணையாக்கும் கற்பித்தல் தேவை என்பது அதன் சாரம். கறுப்பின மாணவர்களை நன்றாகப் படிக்கவைத்த ஆசிரியர்களைக் கவனித்து அவர் இதை எழுதினார்.

அது ஆசிரியர்களைப் பற்றியது. பள்ளி முதல்வர்கள் பக்கம் பேச்சு திரும்பியது பிறகுதான். முகமது கலீஃபாவும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அதில் முக்கியமானது. இப்படிப்பட்ட தலைவர் நான்கு வேலைகளைச் செய்கிறார் என்று அவர்கள் தொகுத்தார்கள். தன் சொந்தப் பார்வையில் உள்ள சாய்வுகளைக் கவனிப்பது, ஆசிரியர்களைத் தயார்படுத்துவது, எல்லாரும் தங்களுக்குரிய இடமாக உணரும் பள்ளிச் சூழலை உருவாக்குவது, பெற்றோரோடும் சமூகத்தோடும் உறவு வைத்துக்கொள்வது.

ஏன் முதல்வர்? ஒரு நல்ல ஆசிரியரின் பரிவு அவருடைய வகுப்பறை வரைக்கும்தான் போகும். கால அட்டவணை, தேர்வுத் தேதி, சீருடை விதி, யாரிடம் எப்படி விசாரிப்பது என்ற நடைமுறை ஆகிய எல்லாவற்றையும் முடிவு செய்வது பள்ளித் தலைமைதான்.

சிங்கப்பூரில் என்ன நிலைமை?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர்கள் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 13.5 விழுக்காடு, இந்தியர்கள் 9 விழுக்காடு. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் சராசரியாக மூன்று அல்லது நான்கு இந்திய மாணவர்கள் இருப்பார்கள். சராசரி என்றால் சராசரிதான். சில வகுப்புகளில் ஒரே ஒருவர் இருப்பார். சிலவற்றில் ஒருவரும் இருக்க மாட்டார்.

அந்த மூன்று நான்கு பேரும் ஒரே மாதிரி இருப்பார்களா? இல்லை. சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர்தான் இந்துக்கள். நாலில் ஒருவர் என்று சொல்லும் அளவுக்கு முஸ்லிம்கள் இருக்கிறார்கள். கிறிஸ்தவர்கள், சீக்கியர்கள் உண்டு. வீட்டில் தமிழ் பேசுவோர் உண்டு. மலையாளமோ ஹிந்தியோ பஞ்சாபியோ பேசுவோர் உண்டு. ஆங்கிலம் மட்டுமே பேசுவோரும் உண்டு.

அதனால்தான் "இந்தியப் பண்பாடு தெரியும், தீபாவளி தெரியும்" என்ற அளவிலான அறிவு பல நேரம் தவறான இடத்தில் போய் நிற்கிறது. ஒரு தமிழ் முஸ்லிம் மாணவனிடம் ஒவ்வோர் ஆண்டும் "தீபாவளி வாழ்த்துகள்" சொல்லிவிட்டு, நோன்பு மாதத்தில் அவனிடம் "நீயுமா நோன்பு?" என்று ஆச்சரியப்படும் பள்ளியில் நல்லெண்ணத்திற்குக் குறை இருக்காது. அந்த மாணவனைப் பற்றிய அறிவுதான் குறைவு.

இன நல்லிணக்க நாள் போதாதா?

1964 ஜூலை 21ஆம் தேதி வெடித்த இனக் கலவரத்தை நினைவில் வைத்து, பள்ளிகள் 1997 முதல் ஜூலை 21ஆம் தேதியையொட்டி இன நல்லிணக்க நாளை அனுசரிக்கின்றன. பாரம்பரிய உடை, உணவு, விளையாட்டு, கலை நிகழ்ச்சி என்று அந்த நாள் கலகலப்பாகப் போகும். அதன் நோக்கமும் பெறுமானமும் உண்மையானவை.

ஆனால் அன்று புடவையையும் வேட்டியையும் கைதட்டி வரவேற்கும் பள்ளி, மற்ற நாள்களில் எப்படி நடந்துகொள்கிறது என்பது வேறு கேள்வி. ஜூலையில் "வாவ், அழகா இருக்கே!" என்று பாராட்டு வாங்கிய அதே மருதாணி, அக்டோபரில் "இது என்ன கையில்?" என்ற விசாரணைக்கு ஆளானால், மாணவி எதைப் புரிந்துகொள்வார்? பண்பாடு என்பது பள்ளி அனுமதிக்கும் நாளில் மட்டும் வெளியே எடுக்க வேண்டிய ஒன்று என்றுதான்.

விதிகள் எங்கே முடிகின்றன?

சில விஷயங்கள் பள்ளி முதல்வரின் கையில் இல்லை. முக்காடு அதற்குத் தெளிவான உதாரணம். 2002ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தொடக்கநிலை 1 மாணவியர் நால்வர் முக்காடு அணிந்து பள்ளிக்குச் சென்றது, இடைநீக்கம் வரை போன தேசிய விவகாரமானது. பொதுச் சுகாதாரத் துறைத் தாதியர் சீருடையோடு முக்காடு அணிய 2021 நவம்பர் 1 முதல் அனுமதி கிடைத்தது. தேசியப் பள்ளிகளின் சீருடை விதி அப்போது மாறவில்லை. மறுபுறம், சீக்கிய மாணவர்கள் நெடுங்காலமாகவே தலைப்பாகையோடு பள்ளிக்குப் போகிறார்கள். எது சரி என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இவை நாடு முழுவதற்குமான கொள்கை முடிவுகள்.

கொள்கைக்குக் கீழே இன்னொரு பகுதி இருக்கிறது. அங்கே விதி ஒற்றை வரியில் முடிந்துவிடும். "தலைமுடி ஒழுங்காக இருக்க வேண்டும்." "கையில் வண்ணமோ எழுத்தோ கூடாது." "காரணமின்றி வராமல் இருக்கக்கூடாது." விதியை எழுதியவர் ஃபேஷனுக்காக வெட்டிய முடியை நினைத்து எழுதியிருப்பார். அதில் வந்து மாட்டுவது வேறு ஒருவர்.

நான்கு சூழல்களை எடுத்துக்கொள்வோம். எல்லாம் கற்பனைதான். ஆனால் கேள்விப்படாதவை அல்ல.

மருதாணி. அக்கா கல்யாணத்துக்கு வைத்தது. மருதாணிச் சாயம் தோலில் ஏறிவிட்டால் ஒரு வாரத்துக்கு மேலேயே இருக்கும். "நாளைக்குள் அழித்துவிட்டு வா" என்று சொன்னால், செய்ய முடியாத ஒன்றைச் செய்யச் சொன்னதாகிவிடும். இது தெரியாமல் போடும் கட்டளையால், கீழ்ப்படிய நினைக்கும் பிள்ளைகூட விதியை மீறியவராகிவிடுகிறார்.

மொட்டை. உயர்நிலை 2 மாணவன் ஒருவன். அப்பா இறந்துவிட்டார். சடங்கில் தலையை மழித்திருக்கிறான். திரும்பி வரும் முதல் நாளில் வாசலில் யாரோ "என்ன இது, புது ஸ்டைலா?" என்கிறார். கேட்டவருக்கு விஷயம் தெரியாது. ஆனால் அந்தப் பையன் அந்தக் கேள்வியை வாழ்நாளில் மறக்கமாட்டான். இன்னொன்றும் உண்டு. பல தமிழ் இந்துக் குடும்பங்களில் ஈமச்சடங்கோடு எல்லாம் முடிவதில்லை. பதினாறாம் நாள் காரியம் இருக்கிறது. "இறுதிச் சடங்கு அப்பவே முடிஞ்சிடுச்சே, மறுபடியும் ஏன் லீவு?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

தைப்பூசம். 1968இல் பொது விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது தைப்பூசமும் முகமது நபி பிறந்தநாளும் பட்டியலிலிருந்து விலகின. 2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை வந்தது. வேலை நாள், பள்ளி நாள். சிராங்கூன் ரோட்டில் உள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டில் உள்ள ஸ்ரீ தண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கும் பக்தர்கள் கூட்டத்தில், பால்குடத்தோடோ காவடி எடுக்கும் அண்ணனோடோ பள்ளிப் பிள்ளைகளும் இருப்பார்கள். அதே நாளில் வகுப்பில் டெஸ்ட் வைத்தால் என்ன ஆகும்? சிலர் எம்சி எடுப்பார்கள். உண்மையைச் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கும் பிள்ளை, உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறது.

தமிழ் வகுப்பு. எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் கற்பிக்கப்படுவதில்லை. அத்தகைய பள்ளி மாணவர்கள் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ வேறு பள்ளிக்கோ போய்ப் படிக்கிறார்கள். பள்ளி முடிந்து நண்பர்கள் இணைப்பாட நடவடிக்கைக்குப் போகும் நேரத்தில் இவர்கள் பேருந்தில் இருப்பார்கள். பயிற்சியை அதே நாளில் வைத்துவிட்டு, "நீ அடிக்கடி வர்றதில்லையே, கேப்டனா எப்படிப் போடறது?" என்று கேட்டால், தமிழ் படித்ததற்கு அந்த மாணவர் தனியாக ஒரு விலை கொடுக்கிறார். அந்த விலையை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. அட்டவணை போட்டபோது அவர் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நான்கிலும் பொதுவாக இருப்பது என்ன?

மேலே உள்ள நான்கு சம்பவங்களில் யாரும் கெட்டவர் இல்லை. இனத்துவேஷம் என்று சொல்லக்கூடிய எதுவும் நடக்கவில்லை. ஆனால் நான்கிலும் ஒரு வேலை பிள்ளையின் தலையில் விழுகிறது. விளக்கம் சொல்லும் வேலை.

மருதாணி என்றால் என்ன, ஏன் மொட்டை, பதினாறு என்றால் என்ன, தைப்பூசம் ஏன் முக்கியம் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை, தன்னைவிடப் பெரியவர்களிடம், அவர்களுடைய அலுவலகத்தில், அதுவும் ஏதோ தப்பு செய்த நிலையில் நின்றுகொண்டு விளக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் சரியான சொல் கிடைக்காது. சில நேரம் பிள்ளைக்கே முழுக் காரணம் தெரியாது. "அம்மா சொன்னாங்க" என்பதுதான் பதில். அந்தப் பதில் அந்த அறையில் பலவீனமாகக் கேட்கும்.

பெரும்பான்மைப் பிள்ளைக்கு இந்த வேலை அநேகமாக இல்லை. சீனப் புத்தாண்டு ஏன் முக்கியம் என்று எந்தப் பள்ளியிலும் யாரும் விளக்க வேண்டியதில்லை. நாள்காட்டியே விளக்கிவிடுகிறது.

பண்பாட்டுப் புரிதலுள்ள தலைமைத்துவம் என்பதை இதை வைத்தே அளந்துவிடலாம். விளக்கம் சொல்லும் சுமையைப் பிள்ளையின் தோளிலிருந்து இறக்கி, பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளும் பள்ளியில் அது இருக்கிறது. எல்லாவற்றையும் அனுமதிக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இதில் இல்லை. "முடியாது" என்று சொல்லும்போதும், விஷயத்தைத் தெரிந்துகொண்டு, மரியாதையாக, தனியாக அழைத்துச் சொல்லலாம்.

முதல்வர்களின் பக்கமும் இருக்கிறதே?

நிச்சயமாக இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருக்கும் பள்ளியில் ஒவ்வொருவருக்கும் ஒரு விதிவிலக்கு என்றால் விதியே மிஞ்சாது. சீருடைக்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது: வசதி உள்ள வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் ஒரே மாதிரி தெரிவார்கள். "அவளுக்கு மட்டும் ஏன்?" என்று இன்னொரு மாணவி கேட்டால் முதல்வர் பதில் சொல்லியாக வேண்டும். பண்பாடு என்ற பெயரில் எதையும் நியாயப்படுத்தும் பெற்றோரும் இல்லாமல் இல்லை.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. எல்லாவற்றையும் முதல்வரின் பரிவுக்கு விட்டுவிட்டால், அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடும். இந்தப் பள்ளியில் சரி, அடுத்த பள்ளியில் தப்பு. இங்கே முதல்வர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளி மாறுகிறார்கள். ஒருவர் பெற்றோரிடம் பேசிப் பேசிக் கற்றுக்கொண்டதெல்லாம் அவரோடு அடுத்த பள்ளிக்குப் போய்விடுகிறது. புதியவர் வந்ததும் பிள்ளைகள் முதலிலிருந்து விளக்கத் தொடங்குகிறார்கள்.

அதனால் நல்ல மனம் மட்டும் போதாது. அந்த மனம் பள்ளியின் நடைமுறையாக எழுதப்பட வேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் டெஸ்ட் தேதிகளைக் குறிக்கும்போது, விடுமுறை இல்லாத பண்டிகைகளும் அதே நாள்காட்டியில் இருக்கலாம். வாசலில் நிற்கும் ஆசிரியருக்கு ஒரே ஓர் அறிவுரை கொடுக்கலாம்: வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால் எல்லார் முன்னிலையிலும் கேட்காதீர்கள், வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். வீட்டில் மரணம் நடந்த மாணவர் திரும்பும் நாளை, அவருக்குப் பாடம் எடுக்கும் எல்லா ஆசிரியருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். தமிழ் வகுப்புக்கு வெளியே போகும் மாணவரின் பெயர், இணைப்பாட நடவடிக்கை அட்டவணை போடுபவரின் கையில் இருக்கலாம்.

பள்ளியில் இருக்கும் ஒரே தமிழாசிரியரையே எல்லாவற்றுக்கும் அகராதியாக்கிவிடுவதும் தீர்வாகாது. பிள்ளையின் சுமை அவர் தலைக்கு மாறும், அவ்வளவே.

கிண்டல் செய்தவரிடமும் பரிவா?

இது கஷ்டமான பகுதி. ஒரு மாணவன் இன்னொருவனின் நிறத்தையோ வீட்டு உணவின் வாசனையையோ வைத்துக் கிண்டல் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி என்ன செய்ய வேண்டும்?

"சும்மா ஜோக்தான், விடு" என்பது பரிவு கிடையாது. பாதிக்கப்பட்டவரை மறுபடியும் தனியாக விடுவது அது. தண்டனை கொடுத்து அத்தோடு முடித்துக்கொள்வதும் போதாது. தண்டனை முடிந்தபின் இருவரும் அதே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார வேண்டும்.

நாட்டின் சட்டமே இங்கே ஒரு வழியைக் காட்டுகிறது. 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம், கடுமையான குற்றங்களுக்குத் தண்டனை வைத்திருக்கிறது. அதோடு, கடுமை குறைந்த சம்பவங்களில் தவறிழைத்தவர் பாதிக்கப்பட்ட சமூகத்தைப் புரிந்துகொண்டு உறவைச் சரிசெய்ய ஒரு வாய்ப்பும் தருகிறது. பெரியவர்களுக்கே அந்த வாய்ப்பு உண்டு என்றால், பதினான்கு வயதில் வாயைவிட்ட பிள்ளைக்கும் அது இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் பாதிக்கப்பட்டவர். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டபிறகே மன்னிப்பு, பேச்சு எல்லாம். "கை குலுக்குங்க" என்று அவசரமாக முடித்துவைப்பது, ஃபைலை மூட வேண்டிய அவசரத்துக்கு நல்லது. பிள்ளைக்கு நல்லதில்லை.

இதனால் படிப்புக்கு என்ன?

"இதெல்லாம் மென்மையான விஷயம். பள்ளி என்றால் படிப்பு" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பள்ளியில் தன்னைத் தப்பான ஆளாக உணரும் பிள்ளை கேள்வி கேட்கக் கை தூக்குவதில்லை. பிரச்சினை வந்தால் ஆசிரியரிடம் போவதில்லை. ஏற்கெனவே ஒருமுறை விளக்கம் சொல்லி அவமானப்பட்டவர், வீட்டில் பணப் பிரச்சினை என்றாலும் மன அழுத்தம் என்றாலும் வாயைத் திறக்க யோசிப்பார்.

அண்மை ஆண்டுகளில் பள்ளிக் கல்வியில் பெரிய மாற்றங்கள் வந்திருக்கின்றன. தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் நீக்கப்பட்டன. 2024 முதல் உயர்நிலை 1 மாணவர்களுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. மதிப்பெண்ணை வைத்து மட்டும் பிள்ளையை அடையாளம் காணக்கூடாது என்பது இவற்றின் பின்னால் இருக்கும் எண்ணம். அப்படியென்றால் பிள்ளையை வேறு எதை வைத்து அறிவது? அவர் வீட்டில் என்ன நடக்கிறது, எதைப் புனிதமாக நினைக்கிறார், எதற்காக அழுகிறார் என்பதும் அதில் சேரும்தானே?

நீங்கள் என்ன செய்யலாம்?

விளக்கும் வேலை உங்களுடையது அல்ல என்றாலும், இன்றைய நிலையில் சில சின்ன விஷயங்கள் உதவும்.

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கல்யாணம், விரதம், பதினாறாம் நாள் காரியம் என்று தேதி தெரிந்ததும் பெற்றோர் மூலம் வகுப்பாசிரியருக்கு இரண்டு வரி அனுப்பினால், வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டிய நிலை பெரும்பாலும் வராது.

காரணத்தை மறைக்காதீர்கள். தைப்பூசத்துக்கு எம்சி எடுப்பதைவிடத் தைப்பூசம் என்றே எழுதிக் கேளுங்கள். சில நேரம் மறுப்பு வரலாம். ஆனால் யாருமே கேட்காவிட்டால், அப்படி ஒரு தேவை இருப்பதே பள்ளிக்குத் தெரியாது.

உங்கள் வீட்டில் கேளுங்கள். "ஏன் இதைச் செய்கிறோம்?" என்று அம்மாவிடமோ தாத்தாவிடமோ ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால், அடுத்த முறை தயக்கம் குறையும்.

மாணவர் தலைவராகவோ இணைப்பாட நடவடிக்கைக் கேப்டனாகவோ இருந்தால், உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நோன்பு மாதத்தில் பயிற்சி நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? முகாமில் ஹலால் உணவும் சைவ உணவும் வேண்டியவர்களைக் கடைசி நாளில்தான் கேட்கிறார்களா? உங்கள் வகுப்பில் இருக்கும் மலாய், யூரேசிய, பஞ்சாபி நண்பர் எதை விளக்கி விளக்கிச் சலித்துப்போயிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? தமிழ்ப் பிள்ளைகள் சிறுபான்மையாக இருப்பதால் மட்டும் மற்றவர்களின் வலி நமக்குத் தானாகப் புரிந்துவிடாது. நாமும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கான பள்ளி நாள்காட்டி வரும்போது ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். உங்கள் குடும்பத்துக்கு முக்கியமான நாள் எதன்மேல் விழுகிறது? டெஸ்ட்டின் மேல் என்றால், ஜனவரியிலேயே சொல்லுங்கள். தேதியை மாற்றுவது பள்ளிக்கு அப்போது சுலபம்.